உழைச்சா கண்டிப்பா கெடைக்குமா? வருஷத்த தூக்கி கொடுக்குறதுக்கு முன்னாடி கணக்கு போட்டு பாக்குறது எப்படி

நான் ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், தென்காசி பக்கம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. குரூப் 4 பரீட்சைக்கு, அதான் விஏஓ, ஜூனியர் அசிஸ்டெண்ட் மாதிரி அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி வைக்கிறது, நோட்டிபிகேஷன் வந்துட்டா ஒரு மாசம் கடைல நிக்க எடம் இருக்காது. போட்டோ சைஸ் குறைக்கணும், கையெழுத்து ஸ்கேன் பண்ணணும், சாதி சான்றிதழ் நம்பர் அடிக்கணும். வர்றவங்கள்ல பாதி பேர் மூஞ்சி எனக்கு பழக்கம், ஏன்னா 2017ல இருந்து 2023 வரைக்கும் நானும் அவங்க கூட அதே லைப்ரரி மாடில உக்காந்து படிச்சவன்தான். மூணு தடவ எழுதினேன், மூணாவது தடவ ஆறு கேள்வில போச்சு. அதனால இத ஏதோ ஜெயிச்சவன் மேல இருந்து குடுக்குற அட்வைஸ்னு நெனைக்காதீங்க, தோத்தவன் பொருமல்னும் நெனைக்க வேணாம், கடை நல்லாத்தான் ஓடுது.

"உழைப்பு என்னைக்கும் வீண் போகாது"ன்னு சொல்றாங்கல்ல, அத நம்பி ஒருத்தர் ஆறு வருஷத்த கொடுக்குறதுக்கு முன்னாடி சோதிச்சு பாக்கலாம். அது எப்படின்னுதான் இங்க சொல்லப்போறேன். நான் டிஎன்பிஎஸ்சிய வச்சு சொல்றேன், எனக்கு தெரிஞ்சது அதுதான். நீங்க நீட், பேங்க், போலீஸ், எதுல இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

முதல்ல அந்த குறள பத்தி ஒரு வார்த்தை. கவர்மெண்ட் பஸ்ல, ஸ்கூல் சுவத்துல, கோச்சிங் சென்டர் டைரி முதல் பக்கத்துலன்னு எங்க பாத்தாலும் இருக்கும், "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்". இத வச்சுத்தான் எல்லாரும் நம்மள குத்துவாங்க. ஆனா நின்னு படிச்சு பாருங்க, அவர் சொன்னது கூலி. வெற்றின்னு சொல்லல, வேலை கெடைக்கும்னு சொல்லல. தெய்வத்தால முடியாம போனாலும் உடம்ப வருத்துன அளவுக்கு கூலி வரும்னு சொல்றார். அதே ஆள்தான் ஊழ்னு தனியா ஒரு அதிகாரமே எழுதி வச்சிருக்கார், அத யாரும் பஸ்ல ஒட்டுறதில்ல. ரெண்டையும் சேத்து வச்சு படிச்சா அவர் நம்மள விட தெளிவாத்தான் இருந்திருக்கார்.

நீங்க செய்றது கூலி வேலையா, சீட்டு வேலையா?

இந்த ஒரு கேள்வில முக்கால்வாசி தெளிவாயிரும். உங்க வேலைய எடுத்துக்கோங்க, அந்த வேலை பாக்குற எல்லாரும் நாளைல இருந்து ரெண்டு மடங்கு உழைக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க, பலனும் மொத்தமா ரெண்டு மடங்கு ஆகுமா?

டெய்லர் கடைல ஆகும். பத்து ஜாக்கெட் தைக்கிற எடத்துல இருபது தச்சா இருபதுக்கு காசு, கிராக்கி இருக்குற வரைக்கும். டேலி கத்துக்கிட்டா கணக்கு எழுத வரும், பக்கத்து சீட்டுக்காரன் உங்கள விட நல்லா கத்துக்கிட்டான்னு உங்களுக்கு தெரிஞ்சது மறந்து போகாது. இதுக்கு பேரு கூலி வேலை, கேவலமா சொல்லல, மரியாதையாத்தான் சொல்றேன்.

குரூப் 4ல ஆகாது. 2025ல அறிவிச்ச மாதிரி அரசாங்கம் 3,935 பேர எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டா, எழுதுற 11 லட்சம் பேரும் ராத்திரி தூங்காம படிச்சாலும் அந்த 3,935 தான். டவுன் பஸ் வந்து நிக்கும்போது துண்டு போட்டு எடம் புடிக்கிறத பாத்திருப்பீங்க, ஒருத்தன் ஓடுனா அவனுக்கு சீட்டு, எல்லாரும் ஓட ஆரம்பிச்சுட்டா மூச்சு வாங்குறதுதான் மிச்சம், பஸ்ல சீட்டு அதே நாப்பதுதான். அதான் இதுக்கு பேரு சீட்டு வேலை. நம்ம லைப்ரரில நடந்தது இதுதான். நான் சேந்தப்ப காலைல 9 மணிக்கு போனா எடம் கெடைக்கும், 2019ல 7 மணிக்கே வாசல்ல செருப்பு கெடக்கும். எல்லாரும் ரெண்டு மணி நேரம் முன்னாடி எந்திரிச்சோம், அதனால போஸ்ட் ஒண்ணு கூட கூடல.

மூணாவதா ஒரு ரகம் இருக்கு, யூடியூப் சேனல், சினிமா, கிரிக்கெட், இதெல்லாம் சீட்டு வேலைய விட மோசம், எத்தன சீட்டுன்னே தெரியாது. அத இங்க விட்டுர்றேன்.

சரி, கூலி வேலைல மட்டும் உழைப்புக்கு ஏத்த பலன் வந்துருமான்னு கேட்டா, அதுவும் முழுசா இல்ல. எங்க அம்மா பீடி சுத்துனவங்க. காலைல வீட்டு வேலை முடிச்சு தட்ட மடில வச்சா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பாங்க, டிவி பாக்கும்போதும் கை தானா ஓடும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு கணக்கு. ஆனா கடைல இலை கொடுத்தாத்தான் சுத்த முடியும், இலை கொறச்சு கொடுத்த வாரம் அம்மா எவ்ளோ வேகமா சுத்துனாலும் வருமானம் கொறையும், சுத்தி கொண்டு போனதுலயும் கொஞ்சத்த சரியில்லன்னு கழிச்சு தள்ளுவாங்க. உழைப்புதான் பணக்காரனாக்கும்னா எங்க தெருல பாதி பேர் வீட்டுல கார் நிக்கணும். அதனால கூலி வேலைலயும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, இலை யார் கைல இருக்கு? அது உங்க கைல இல்லன்னா உழைப்ப மட்டும் கூட்டி பிரயோஜனம் இல்ல.

நம்பர எடுத்து எழுதுங்க, மனசுல வச்சுக்காதீங்க

சீட்டு வேலைதான்னு தெரிஞ்சிருச்சா, அடுத்தது எத்தன சீட்டு, எத்தன பேர். இத பேப்பர்ல எழுதணும். மனசுல வச்சுக்கிட்டா அது "நெறைய பேர் எழுதுறாங்க"ன்னு மங்கலா இருக்கும், வசதியா மறந்துருவோம்.

2024 ஜூன் 9 பரீட்சைக்கு 20 லட்சத்துக்கு மேல அப்ளை பண்ணாங்க, கிட்டத்தட்ட 15.8 லட்சம் பேர் எழுதினாங்க. அறிவிச்ச போஸ்ட் 6,244. அதாவது சுமாரா 250 பேருக்கு ஒண்ணு. பின்னாடி போஸ்ட்ட கூட்டிக்கிட்டே போய் 9,000த்த தாண்டுச்சு, அப்பவும் 170 பேர் கிட்ட ஒண்ணு. இதுல ஒரு ஆறுதலும் இருக்கு, எழுதுறவங்கள்ல நெறைய பேர் சும்மா எழுதுறவங்க, வீட்டுல சொன்னாங்கன்னு எழுதுறவங்க. நான் கடைல பாக்குறேனே, "அண்ணே சிலபஸ் என்னண்ணே"ன்னு அப்ளிகேஷன் போடும்போது கேப்பாங்க. அவங்கள கழிச்சுட்டா உங்க சான்ஸ் நல்லாவே கூடும்.

எவ்ளோ கூடும்? தாராளமாவே வச்சுக்குவோம். நீங்க நல்லா படிச்ச ஆள், சீரியஸா எழுதுறவங்கள்ல பத்து பேருக்கு ஒருத்தருக்கு கெடைக்குதுன்னு வச்சுப்போம். அஞ்சு தடவ எழுதினா என்ன ஆகும்? பத்துல ஒண்ணு, அஞ்சு தடவ, அப்ப பாதிக்கு பாதி சான்ஸ்னு தோணும். கணக்கு அப்படி வராது. ஒவ்வொரு தடவையும் கெடைக்காம போறதுக்கு 0.9, அத அஞ்சு தடவ பெருக்குனா 0.59. அதாவது நல்லா படிச்ச நூறு பேர் அஞ்சு தடவையும் விடாம எழுதினா 59 பேருக்கு ஒரு தடவ கூட கெடைக்காது. அவங்க யாரும் சோம்பேறி இல்ல, கணக்குப்படி விழுந்தவங்க. அஞ்சுல ஒண்ணுன்னு வச்சாலும் 33 பேர் வெறுங்கையோடதான் போவாங்க.

அஞ்சு தடவன்னா எவ்ளோ காலம்னு பாருங்க. 2018 பிப்ரவரி 11, 2019 செப்டம்பர் 1, 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12. 2025 வரைக்கும் நடந்த கடைசி அஞ்சு குரூப் 4 இதுதான். ஏழரை வருஷம். ஏழரைன்னு வந்தது என் தப்பு இல்ல, தேதி அப்படி.

ஐஏஎஸ் பக்கம் தாவலாம்னு சில பேர் நெனைப்பாங்க, குரூப் 4ல கெடைக்காத வெறுப்புல. 2023 சிவில் சர்வீஸ்ல அப்ளை பண்ணது 10,16,850 பேர், கடைசில எடுத்தது 1,016 பேர். ஆயிரத்துக்கு ஒண்ணு. அப்ளை பண்ணவங்கள்ல பாதிக்கு கொஞ்சம் மேலதான் ஹாலுக்கே போனாங்க, அது வேற விஷயம்.

பேனர்ல இல்லாதவங்கள தேடுங்க

ரிசல்ட் வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டு முழுக்க ப்ளெக்ஸ் தொங்கும். முப்பது போட்டோ, மாலை, "எங்கள் மாணவர்களின் சாதனை". அதுல யாரும் பொய் சொல்லல, அந்த முப்பது பேரும் நிஜமா பாஸ் ஆனவங்கதான் (சில பேர் போட்டோ நாலு சென்டர் பேனர்லயும் தொங்கும், ஒரே சட்டை, அது ஒரு தனி காமெடி). பேனர்ல இல்லாதது கீழ எழுத வேண்டிய இன்னொரு நம்பர், அந்த வருஷம் மொத்தம் எத்தன பேர் காசு கட்டி சேந்தாங்கங்கிறது. சேரப்போறப்ப இத வாய்விட்டு கேளுங்க. "போன பேட்ச்ல எத்தன பேர் சேந்தாங்க, எத்தன பேருக்கு வேலை கெடைச்சது, கெடைக்காதவங்க இப்ப என்ன பண்றாங்க?" பதில் சொன்னா நல்ல சென்டர். "தம்பி மொதல்ல பாசிட்டிவா யோசிங்க"ன்னா எந்திரிச்சு வந்துருங்க.

அத விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, காசே ஆகாது. உங்க கூட படிக்க ஆரம்பிச்சவங்க பத்து பேர் பேர எழுதுங்க. ஜெயிச்சவங்கள மட்டும் இல்ல, முதல் மாசம் உங்க பெஞ்சுல யார் யார் இருந்தாங்களோ அவங்கள. இப்ப எங்க இருக்காங்கன்னு பக்கத்துல எழுதுங்க. என் லிஸ்ட்ல ரெண்டு பேர் கவர்மெண்ட் வேலைல, ஒருத்தர் விஏஓ, ஒருத்தர் ஜூனியர் அசிஸ்டெண்ட். ஒருத்தர் திருப்பூர்ல, ஒருத்தர் சவுதில, ஒரு அக்கா கல்யாணமாகி போனதோட போன் நம்பரும் மாறிருச்சு, ரெண்டு பேர் இன்னமும் லைப்ரரில. மீதி மூணு பேர என்னால கண்டுபிடிக்கவே முடியல. அந்த மூணு பேரத்தான் யோசிக்கணும். ஜெயிச்சவங்கதான் பேட்டி கொடுக்குறாங்க, "நான் தெனம் 14 மணி நேரம் படிச்சேன்"னு சொல்றாங்க, காணாம போன மூணு பேர்ல ஒருத்தன் 16 மணி நேரம் படிச்சவன், எனக்கு தெரியும், அவன்தான் லைப்ரரிய பூட்டிட்டு சாவிய கொடுத்துட்டு போவான். அவன்கிட்ட மைக்க நீட்ட யாரும் போகல.

படிக்கிற மணி நேரத்துக்கு பின்னாடி யார் இருக்காங்க?

ஜெயிச்சவங்க கதைய கேக்கும்போது ஒரு கேள்வி சேத்து கேளுங்க, "அந்த மூணு வருஷம் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுத்தது?" நம்ம ஊர்ல இத கேக்குறது மரியாதக்குறைவுன்னு நெனைப்பாங்க, ஆனா உபயோகமான கேள்வி இதுதான். என் லிஸ்ட்ல பாஸான ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அப்பா வாத்தியார், மாடில தனி ரூம். இன்னொருத்தருக்கு அண்ணன் ரெண்டு பேர் வெளிநாட்டுல. அவங்க உழைக்கலன்னு சொல்லல, நல்லா உழைச்சாங்க, உழைக்கிறதுக்கு அவங்களுக்கு எடம் இருந்துச்சு, அவ்ளோதான் சொல்றேன்.

அந்த அக்கா கதை வேற. காலைல தண்ணி புடிக்கணும், தம்பி தங்கச்சிய ஸ்கூலுக்கு கெளப்பணும், சாயங்காலம் பீடி. லைப்ரரிக்கு வர்றது 11 மணிக்கு, 3 மணிக்கு கெளம்பிருவாங்க. அந்த நாலு மணி நேரத்துல அவங்க படிச்சத நான் 12 மணி நேரத்துல படிச்சேனான்னு சந்தேகம்தான், என் 12 மணில டீக்கு ரெண்டு, போனுக்கு மூணு. மாதிரி தேர்வு வச்சா எப்பவும் எனக்கு மேலதான் மார்க். அவங்கள நிறுத்துனது மார்க் இல்ல, 26 வயசு ஆயிருச்சுன்னு வீட்டுல எடுத்த முடிவு.

அதனால உங்க பேப்பர்ல அடுத்த வரி, எனக்கு ஒரு நாளைக்கு நிஜமா எத்தன மணி நேரம் இருக்கு, எத்தன மாசத்துக்கு, யார் காசுல? அந்த யாருக்கு ஒடம்பு சரியில்லாம போனா என்ன ஆகும்? இத எழுதும்போது கை நடுங்கும், எழுதிருங்க.

காசு விஷயத்துல ஒண்ணு ரெண்டு உபயோகமான தகவல். ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்லயும் தன்னார்வ பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கு, டிஎன்பிஎஸ்சிக்கு ஃப்ரீயாவே வகுப்பு எடுக்குறாங்க, பாதி பேருக்கு இது இருக்குறதே தெரியாது. யூபிஎஸ்சி படிக்கிறவங்களுக்கு "நான் முதல்வன்"ங்கிற தமிழ்நாடு அரசு திட்டத்துல பரீட்சை வச்சு ஆயிரம் பேர தேர்ந்தெடுத்து மாசம் 7,500 ரூபா கொடுக்க ஆரம்பிச்சாங்க. உழைக்கவே காசு வேணும்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரிதான அது. பழைய கேள்வித்தாள் எல்லாம் டிஎன்பிஎஸ்சி வெப்சைட்லயே கெடக்கு, ஸ்கூல் புத்தகம் பிடிஎஃப்பா இருக்கு. ஆயிரக்கணக்குல கொட்டி மெட்டீரியல் வாங்குறதுக்கு முன்னாடி இத தீர்த்துருங்க.

உங்க கைல இல்லாதத தனியா எழுதுங்க

2019 செப்டம்பர்ல பரீட்சை எழுதிட்டு அடுத்தது 2020ல வந்துரும்னு முழு ஃபார்ம்ல இருந்தவங்க எத்தனையோ பேர். வந்தது கொரோனா. அடுத்த பரீட்சை 2022 ஜூலை. கிட்டத்தட்ட மூணு வருஷம், படிச்சது மறந்துச்சு, வயசு ஏறுச்சு, வீட்டுல பொறுமை போச்சு. யார் மேலயும் தப்பு இல்ல.

அதே நேரத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் நூறு கேள்வி மொழிப்பகுதிக்கு பொதுத்தமிழ் இல்லன்னா பொது ஆங்கிலம்னு நீங்களே எடுத்துக்கலாம். 2021 டிசம்பர்ல தமிழ்த்தாள் கட்டாயம்னு அரசாணை வந்துச்சு, குரூப் 4ல அந்த நூறு கேள்வியும் தமிழ்தான், அதோட 150 மார்க்குல 60 எடுக்கலன்னா மீதிப் பகுதிய திருத்தவே மாட்டாங்க. அந்த முடிவு தப்புன்னு நான் சொல்ல வரல, தமிழ்நாட்டுல வேலை பாக்க தமிழ் தெரியணும், நியாயம்தான். ஆனா எங்க கூட இருந்த ஒரு அண்ணன் இங்கிலீஷ் மீடியம், ரெண்டு வருஷம் பொது ஆங்கிலத்த கரைச்சு குடிச்சிருந்தார். ஒரே நாள்ல அந்த ரெண்டு வருஷம் செல்லாத நோட்டாயிருச்சு. அவர் உழைப்புல என்ன கொற?

2019 பரீட்சைல நடந்த முறைகேடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ராமேஸ்வரம், கீழக்கரை சென்டர், கொஞ்ச நேரத்துல அழிஞ்சு போற மை. 2020 ஜனவரில 99 பேருக்கு ஆயுள் முழுக்க தடை போட்டாங்க, அதுல 39 பேர் முதல் நூறு ரேங்க்குக்குள்ள வந்தவங்க. அது வெளிய வந்துச்சு, புடிச்சாங்க, நல்ல விஷயம்.

இன்னொரு கணக்கு. 200 கேள்வி, ஒரு கேள்விக்கு 1.5 மார்க், மொத்தம் 300. 15 லட்சம் பேர 200 படிக்கட்டுல நிறுத்துனா சராசரியா ஒரு படிக்கு 7,500 பேர். மேல போகப்போக கூட்டம் கொறையும்தான், ஆனாலும் கட்-ஆஃப் பக்கத்துல ஒரு கேள்விங்கிறது ஆயிரக்கணக்கான ரேங்க். காலைல காய்ச்சலோட போனவன், ஹால்ல ஃபேன் ஓடாத பக்கம் உக்காந்தவன், கடைசி நிமிஷம் பதில மாத்துனவன், இவங்களுக்கெல்லாம் அந்த ஒரு கேள்விலயே வாழ்க்க திசை மாறுது. எனக்கு போன ஆறு கேள்வில ரெண்டு, முதல்ல சரியா ஷேட் பண்ணப்போய் கடைசில சந்தேகப்பட்டு வேறத ஷேட் பண்ணது. மூணு வருஷம் ராத்திரி அத நெனச்சு படுத்திருக்கேன், இப்பதான் விட்டேன்.

இதெல்லாம் ஒரு பக்கமா எழுதுங்க, எதிர்ப்பக்கம் உங்க கைல இருக்குறத எழுதுங்க. அந்த பக்கம் சின்னதா இருக்கும், பரவால்ல, நீங்க வேலை செய்ய வேண்டியது அங்கதான்.

மணி நேரத்த எண்ணாதீங்க, மார்க்க எண்ணுங்க

இதுதான் நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டது. உழைப்புன்னா நம்ம எல்லாருக்கும் மணி நேரம்தான் ஞாபகம் வருது. எத்தன மணிக்கு எந்திரிச்ச, எத்தன மணி வரைக்கும் முழிச்சிருந்த. அது கஷ்டத்தோட அளவு, முன்னேத்தத்தோட அளவு இல்ல. மாசத்துக்கு ஒரு தடவ, ஏற்கனவே பாக்காத ஒரு பழைய கேள்வித்தாள எடுத்து, மூணு மணி நேரம் டைம் வச்சு, போன வேற ரூம்ல போட்டுட்டு எழுதுங்க. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25, மூணையும் தனித்தனியா குறிச்சு காலண்டர் பின்னாடி ஒட்டுங்க.

ஏறுதா, நல்லது, தொடருங்க. மூணு மாசமா அசையல, ஆனா நீங்க உயிர கொடுத்து படிக்கிறீங்கன்னா, அங்க இன்னும் ரெண்டு மணி நேரம் சேக்குறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வழிய மாத்துங்க. நான் நாலு வருஷம் புத்தகத்துல கோடு போட்டு கோடு போட்டு படிச்சேன், பக்கமே மஞ்சளா இருக்கும், படிச்ச மாதிரி ஒரு திருப்தி. கடைசி வருஷம்தான் புத்தகத்த மூடிட்டு நானே கேள்வி கேட்டு எழுதி பாக்க ஆரம்பிச்சேன், மார்க் அப்பதான் நகந்துச்சு. கணக்கு 25க்கு பயந்து ஒதுக்குறவங்க நெறைய பேர், தெனம் அர மணி நேரம் போட்டா சீக்கிரம் ஏறுற பகுதி அதுதான். வழிய மாத்தியும் ஆறு மாசம் அசையலன்னா, அது உங்க மேல தீர்ப்பு இல்ல, இந்த பரீட்சைக்கும் உங்களுக்கும் ஒத்து வரலங்கிற தகவல்.

தோத்தாலும் கூலி மிஞ்சுற மாதிரி படிங்க

சீட்டு வேலைக்குள்ள கொஞ்சம் கூலி வேலைய சேத்து வைக்கிறது ஒரு சாமர்த்தியம். டைப்ரைட்டிங் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் முடிச்சா குரூப் 4ல டைப்பிஸ்ட் போஸ்டுக்கும் ஆகும், பரீட்சை போனாலும் கை வேகம் போகாது, என் கடை ஓடுறதே அந்த வேகத்துலதான். கணக்கு, ரீசனிங் படிச்சா பேங்க் கிளர்க், ரயில்வேக்கும் உதவும். ஒரே கதவ மட்டும் தட்டாதீங்க. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் டியூஷன் எடுத்தா உங்க படிப்பும் ஏறும், வீட்டுல கேக்குற கேள்வியும் கொறையும். "முழு நேரமா படிச்சாத்தான் கெடைக்கும்"னு சொல்றவங்க இருக்காங்க, இருக்கலாம், ஆனா முழு நேரமா படிச்சு கெடைக்காம போனா ரெஸ்யூம்ல ஆறு வருஷ ஓட்டை, அத அடைக்க அவங்க வர மாட்டாங்க.

நிறுத்துற தேதி

யூபிஎஸ்சில பொதுப்பிரிவுக்கு 6 தடவ, ஓபிசிக்கு 9 தடவன்னு ஒரு எல்லை இருக்கு. போதும்பான்னு அதுவே சொல்லிரும். குரூப் 4ல இத்தன தடவன்னு கிடையாது, பிசி, எம்பிசி, எஸ்சில பத்தாவதுக்கு மேல படிச்சிருந்தா நெறைய போஸ்டுக்கு வயசு வரம்பும் கிடையாது. இது நல்ல சலுகை, குடும்பம் நடத்திக்கிட்டே நாப்பது வயசுல எழுதி பாஸானவங்க இருக்காங்க. ஆனா படிக்கிறது மட்டுமே வேலையா வச்சிருக்குறவனுக்கு இதுல ஒரு ஆபத்து, யாரும் நிறுத்த சொல்ல மாட்டாங்க. அதனால தேதிய நீங்கதான் போடணும்.

எப்ப போடணும்? ரிசல்ட் வந்த அன்னைக்கு இல்ல. அன்னைக்கு ஒண்ணு சாகணும் போல இருக்கும், இல்லன்னா "இன்னும் ஒரே ஒரு தடவ"ன்னு வெறி வரும், ரெண்டும் முடிவெடுக்குற நெலம இல்ல. படிக்க ஆரம்பிக்கிற அன்னைக்கே, தெளிவா இருக்கும்போது போடுங்க. "இந்த தேதிக்குள்ள இந்த மார்க் வரலன்னா முழு நேர படிப்ப நிறுத்துறேன், வேலைக்கு போயிக்கிட்டே எழுதுவேன்"னு. எழுதி யார்கிட்டயாவது கொடுத்து வைங்க. அம்மாகிட்ட வேணாம், அழுதா மனசு எளகிருவாங்க. நான் எங்க அத்தான்கிட்ட கொடுத்தேன், மனுஷன் கறாரு, 2023 மார்ச்ல ரிசல்ட் பாத்த மறுநாள் காலைல பேப்பர கொண்டு வந்து டேபிள்ல வச்சுட்டு ஒண்ணும் பேசாம டீ குடிச்சார்.

"இவ்ளோ வருஷம் படிச்சாச்சே, இப்ப விட்டா வீணாயிருமே"ன்னு தோணும். அந்த வருஷம் போனது போனதுதான், நீங்க தொடர்ந்தாலும் அது திரும்பாது. இன்னைல இருந்து எண்ணுங்க. இன்னைக்குத்தான் முதல் நாள்னு நெனச்சா, உங்க கைல இருக்குற பேப்பர்ல இருக்குற நம்பர வச்சு, இதுல எறங்குவீங்களா? ஆமான்னா படிங்க. இல்லன்னா பதில் தெரிஞ்சிருச்சு.

ஒண்ணு மட்டும் தப்பா புரிஞ்சுக்காதீங்க, "எல்லாம் தலையெழுத்து, படிச்சு என்ன ஆகப்போகுது"ன்னு நான் சொல்லல. படிக்காதவனுக்கு சான்ஸ் பத்துல ஒண்ணு கூட இல்ல, சுழி. உழைப்பு உங்கள அந்த க்யூவுல முன்னாடி கொண்டு போய் விடும், கவுண்டர தெறக்குறதும் எத்தன டிக்கெட் இருக்குங்கிறதும் அதுக்கு கட்டுப்படாது.

வீட்டுல இருக்குறவங்களுக்கு

ரிசல்ட் வந்து கெடைக்கலன்னா "நீ ஒழுங்கா படிச்சிருந்தா கெடைச்சிருக்கும்"னு சொல்லாதீங்க. அது உண்மையா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உங்களுக்கு தெரிய வழி இல்ல. பக்கத்து வீட்டு பையனுக்கு கெடைச்சதையும் அன்னைக்கு பேச வேணாம். சாப்பாடு போடுங்க, ஒரு வாரம் விடுங்க. அப்புறம் மார்க் எவ்ளோ, போன தடவ எவ்ளோ, எந்த பகுதில போச்சுன்னு கேளுங்க. படிக்கிற பொண்ணுக்கு, பையனுக்கு கொடுக்குற அதே மணி நேரத்த கொடுத்துட்டு அப்புறமா கேளுங்க, அதுக்கு முன்னாடி கேக்க நமக்கு உரிமை இல்ல.

கடைசியா ஒரு விஷயம். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு 150 ரூபா, அஞ்சு வருஷம் செல்லும், முடிஞ்சா புதுப்பிக்கணும். அதுக்கு கடைக்கு வர்றவங்ககிட்ட நான் ஆதார் வாங்குறதோட ஒரு வெத்து ஏ4 ஷீட்டும் கொடுத்துருவேன். மேல சொன்ன நாலஞ்சு வரிய அதுல எழுத சொல்லுவேன், சீட்டு எத்தன, என் மார்க் நகந்துச்சா, யார் காசு, எந்த தேதி. சில பேர் சிரிச்சுட்டு மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு போயிருவாங்க. போன மாசம் ஒரு தம்பி ஸ்டூல்ல உக்காந்து முக்கால் மணி நேரம் எழுதினான், எழுதி முடிச்சுட்டு "அண்ணே, பதிவ புதுப்பிச்சிருங்க, அப்படியே டைப்ரைட்டிங் கிளாஸ் எங்க இருக்குன்னு சொல்லுங்க"ன்னான். ரெண்டுக்கும் சேத்து அவன்கிட்ட 150 ரூபாதான் வாங்கினேன், ஷீட்டுக்கு காசு இல்ல.